மறுவிசாரணை: இந்திரா பார்த்தசாரதியின் நாடகமும் நாவலும்

(தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊரான மணப்பாட்டில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உலக நாடகம் பற்றிப் பேச வேண்டும், அதுவும் நாவலும் நாடகமும் இரண்டும் எழுதிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டார்கள். அப்படிச் சொன்னதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஸ்வீடனின் ஆகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்க். 1849-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்து 1912-இல் அங்கேயே மறைந்தவர். 1879-இல் 'சிவப்பு அறை' என்ற நாவலால் பேர் பெற்றார். 'தந்தை', 'மிஸ் ஜூலி' ஆகிய நாடகங்களால் ஐரோப்பாவைக் கலங்கடித்தார். பிறகு தாமே கட்டிய அந்தப் பாணியைத் தாமே உடைத்து 1901-இல் 'கனவு நாடகம்' எழுதினார். அந்த நாடகத்தில் மண்ணுலகத்து மனிதர்கள் ஏன் இப்படி ஓயாமல் முறையிடுகிறார்கள் என்று பார்த்துவர ஒரு பெண் வானத்திலிருந்து இறங்கி வருகிறாள். அவள் யார் தெரியுமா? நம் இந்திரனுடைய மகள். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூட முறையீடு கேட்க நம் தேவலோகத்து ஆள்தான் தேவைப்பட்டிருக்கிறது.

ஸ்ட்ரிண்ட்பெர்க்கைப் பற்றி நூல்கள் நிறைய இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, நம் மொழியிலேயே, அதே இரண்டு துறையிலும் ஐம்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்த ஒருவர் இருக்க, நான் ஸ்டாக்ஹோமுக்கு ஏன் போகவேண்டும்? ஆகவே இன்றைய பேச்சு இந்திரா பார்த்தசாரதியைப் பற்றியது. ஸ்வீடன்காரர் இடையில் இரண்டொரு முறை வந்துபோவார்.

இந்திரா பார்த்தசாரதியைப் பற்றி இந்தக் கரையில் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் நம் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் அவர் தந்தவை. எமனாகவும் சனீசுவரனாகவும் வேடம் கட்டி அவர் மேடையேறினால் பார்த்தவர்கள் மிரண்டு போவார்களாம். அதனாலேயே நடிப்பை விட்டுவிட்டு ஆசிரியரானார் என்று நாடகக்காரர்கள் கதை சொல்வார்கள். 1922-இல் அவர் மறைந்த இடம் புதுச்சேரி. அந்தப் புதுச்சேரியின் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயராலேயே ஒரு நிகழ்கலைப் பள்ளி அமைந்தபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் இந்திரா பார்த்தசாரதி. நம் மாவட்டத்து மனிதரின் பெயரில் ஒரு நாற்காலி போட்டார்கள்; அதில் முதலில் உட்கார்ந்தவர் கும்பகோணத்துக்காரர்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-இல் பிறந்தவர். இளமை கும்பகோணத்தில். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் தி. ஜானகிராமன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை. பிறகு நெடுங்காலம் தில்லியில் தமிழ்ப் பேராசிரியர். வைணவம் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம். 1981 முதல் 1986 வரை போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர். பிறகு புதுச்சேரி. அவருடைய பெயர் பார்த்தசாரதி மட்டுந்தான். முன்னால் நிற்கும் இந்திரா அவர் மனைவியின் பெயர். 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977-இல் சாகித்திய அகாதெமி விருது. 'இராமானுஜர்' நாடகத்துக்காக 1999-ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான். பிறகு சங்கீத நாடக அகாதெமி விருது, 2010-இல் பத்மஸ்ரீ. இலக்கியத்துக்கான அகாதெமியும் நாடகத்துக்கான அகாதெமியும் ஒரே ஆளுக்கு விருது தருவது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

தில்லி வாழ்க்கை அவருக்கு என்ன கொடுத்தது என்பதிலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தில்லியில் உட்கார்ந்து அரசு அலுவலகங்களையும் அரசியல்வாதிகளின் வரவேற்பறைகளையும் பார்க்கிறார். அங்கே யாரும் மனத்தில் இருப்பதைச் சொல்வதில்லை. ஆனால் எல்லாரும் ஓயாமல் பேசுகிறார்கள். 'தந்திர பூமி'யும் 'சுதந்திர பூமி'யும் இந்தப் பேச்சிலிருந்து பிறந்தவை. 'சுதந்திர பூமி'யில் நன்கு படித்த ஓர் இளைஞன் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் சமையல்காரனாகச் சேர்ந்து, அடுப்படி வழியாகவே அதிகாரத்துக்குள் நுழைகிறான். 1970-களில் இதைப் படித்தவர்கள் சிரித்தார்கள். இன்று படிப்பவர்கள் அவ்வளவு சிரிப்பதில்லை.

இந்த நாவல்களில் வயலும் வானமும் அதிகம் வராது. மனிதர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சில் ஒருவரையொருவர் வெட்டுவார்கள். பல விமரிசகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள், நாவல் என்ற பேரில் உரையாடல் எழுதுகிறார் என்று. எனக்கும் சில நாவல்களில் அலுப்புத் தட்டியதுண்டு. எல்லாப் பாத்திரங்களும் ஒரே அளவு புத்திசாலியாகப் பேசினால் யார் பேசுகிறார் என்பதே மறந்துபோகிறது. ஆனால் அதே குணம் மேடைக்குப் போகும்போது பலமாகிவிட்டது. நாவலாசிரியர் நாடகத்துக்கு வந்தார் என்பதைவிட, உள்ளேயிருந்த நாடகாசிரியர் கொஞ்ச காலம் நாவலில் ஒதுங்கியிருந்தார் என்றே சொல்வேன்.

அவருடைய முதல் நாடகம் 'மழை'. ஒரு வீடு, மகளைத் தன் பிடியிலிருந்து விடாத ஒரு தந்தை, உள்ளே அடைபட்ட பாசமும் வெறுப்பும். இந்த இடத்தில் ஸ்ட்ரிண்ட்பெர்க் ஞாபகம் வராமல் போகாது. குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் போரை ஐரோப்பிய மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்வரிசை. தமிழில் அதுவரை அப்பா பாத்திரம் என்றால் தியாகி, அல்லது கண்டிப்பானவர். பெற்ற பாசமே பெண்ணைச் சாப்பிட்டுவிடும் என்று ஒரு நாடகம் சொன்னதும் சபாக்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்புத் துணுக்குகளுக்குக் கைதட்டிப் பழகிய அவை அது. இந்திரா பார்த்தசாரதியின் 'போர்வை போர்த்திய உடல்கள்' நாடகத்தைப் பின்னாளில் ஞாநியின் பரீக்‌ஷா குழு மேடையேற்றியது. சபா நாடகத்துக்கு வெளியே தமிழில் ஒரு மேடை உருவான காலம் அது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும், காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கும் அதே 1977-ஐ ஒட்டியவைதான். முத்துசாமி கூத்தின் உடலை எடுத்துக்கொண்டார். இந்திரா பார்த்தசாரதி சொல்லை எடுத்துக்கொண்டார். ஒரே தஞ்சை மண்ணிலிருந்து வந்த இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள்.

இனி இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். இவரைச் சோதனை நாடகாசிரியர் என்கிறோம். என்ன சோதனை? ஸ்ட்ரிண்ட்பெர்க் காலத்தையும் இடத்தையும் கலைத்துப் போட்டார். ஒரு பாத்திரம் இரண்டாகும், சுவர் மலராகும். இந்திரா பார்த்தசாரதியின் பேர்பெற்ற நாடகங்களில் அப்படி எதுவும் பெரிதாக நடப்பதில்லை. அவர் செய்யும் காரியம் வேறு. ஊருக்கே தெரிந்த ஒரு கதையை, தீர்ப்பு எழுதி மூடி வைத்த வழக்குக் கட்டைப் போல அவிழ்க்கிறார். சாட்சிகளை மறுபடி கூப்பிடுகிறார். அவர் எழுத்தில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு தடயம் உண்டு, அது தீ.

முதலில் 'குருதிப்புனல்'. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. இந்தக் கடற்கரை முழுக்க நட்சத்திர விளக்கு எரிந்த அதே இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித் மக்கள் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம். வழக்கு நடந்தது. இவ்வளவு வசதியான மிராசுதாரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டு உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதன்பின் 1975-இல் வந்தது இந்த நாவல். தில்லியிலிருந்து வரும் கோபால், அவனைத் தேடிவரும் நண்பன் சிவா என்ற இரண்டு படித்த இளைஞர்களின் கண்வழியே அந்தக் கிராமம் விரிகிறது. நீதிமன்றம் நம்ப மறுத்ததை நம்பும்படி எழுதிக் காட்டினார். 1983-இல் ஸ்ரீதர் ராஜன் இதை வைத்து 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படம் எடுத்தார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

ஆனால் இந்த நாவல் மேல் ஒரு கடுமையான கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி. நாவலில் வரும் பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாக ஆசிரியர் வைக்கிறார். நில உறவும் கூலியும் சாதியும் சேர்ந்து மூட்டிய தீயை ஒரு தனிமனிதனின் உடற்குறையில் கொண்டுபோய் நிறுத்துவது போராட்டத்தைச் சின்னதாக்குகிறது என்று இடதுசாரிகள் கண்டித்தார்கள். மிஸ் ஜூலியின் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் கிடையாது, பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன என்று 1888-இல் ஸ்ட்ரிண்ட்பெர்க் ஒரு முன்னுரையில் வாதாடினார். இந்திரா பார்த்தசாரதியும் காரணங்களைப் பெருக்கத்தான் விரும்பினார். ஆனால் ஒரு காரணம் மற்றவற்றைவிட உரக்கப் பேசிவிட்டது. 44 பேர் செத்த இடத்தில் கொன்றவனின் மனநோயைத் துருவிப் பார்ப்பது எழுத்தாளருக்குச் சுவையாக இருக்கலாம். செத்தவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. என் தீர்ப்பு இதில் இடதுசாரிகள் பக்கம்.

ஆசிரியரும் உள்ளூர அதை உணர்ந்தாரோ என்னவோ, மூன்றே ஆண்டில் அடுத்த தீக்குப் போனார். 1978-இல் 'நந்தன் கதை'. சேக்கிழார் சொன்ன கதை நமக்குத் தெரியும். ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து தில்லைக்குப் போக ஏங்கிய திருநாளைப்போவார், இறைவன் ஆணைப்படி தீயில் மூழ்கி, மார்பில் முந்நூலோடு முனிவராக எழுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை எழுதும்போது நந்தனின் ஆண்டையாக ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். அவர் விதித்த நிபந்தனைப்படி நாற்பது வேலி நிலம் ஒரே இரவில் விளைந்தது. மூன்றாவதாக வந்த இந்திரா பார்த்தசாரதி கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தத் தீயை மூட்டியது யார்? அவருடைய நாடகத்தில் கடவுள் கனவில் வருவதில்லை. மேல்சாதியார் தங்களுக்குள் உள்ள பகையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுசேர்கிறார்கள். பக்தியின் பேராலேயே நந்தனைத் தீக்குள் அனுப்புகிறார்கள். நந்தன் திரும்பி வருவதில்லை.

இதில் பாட்டும் ஆட்டமும் அலங்காரத்துக்காக வரவில்லை. சேரியின் ஆட்டமும் கோயிலின் ஆட்டமும் மேடையில் நேருக்கு நேர் நிற்கின்றன. கலை யாருக்குச் சொந்தம் என்பதும் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதும் ஒரே கேள்வியாகிவிடுகிறது. வெண்மணிக் குடிசையைத் தில்லையில் வைத்து எழுதியிருக்கிறார் என்றே நான் இந்த நாடகத்தைப் படிக்கிறேன். நாவலில் கொன்றவனின் உடம்புக்குள் தேடிய காரணத்தை நாடகத்தில் ஊரின் அமைப்புக்குள் கண்டுபிடித்தார். அவர் எழுதியதில் இதுவே முதலிடம் என்பது என் கட்சி. விருதுக் குழுக்கள் வேறு மாதிரி நினைத்திருக்கின்றன.

மூன்றாவது தீ உங்களுக்கு நெருக்கமானது. 'கொங்கைத் தீ' சிலப்பதிகாரத்தை மறுபடி வாசிக்கும் நாடகம். மதுரை வழக்குமன்றத்தில் கண்ணகி சொல்கிறாள், என் சிலம்பில் பரல் மாணிக்கம் என்று. பாண்டியன் சொல்கிறான், தன் தேவியின் சிலம்பில் முத்து என்று. அந்த முத்து எந்தக் கடலில் எடுத்தது? பாண்டியர் முத்துத்துறை கொற்கை. இங்கிருந்து வடக்கே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. தமிழின் முதல் பெரும் நீதிமன்றக் காட்சியில் அரசன் தரப்புச் சான்று இந்தக் கரைக்காரர்கள் மூழ்கி எடுத்த முத்து. அது அரசனுக்கு எதிராகத் திரும்பியது. அதோடு முடியவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், நடந்த பழிக்குக் கழுவாயாக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்றும் இளங்கோ சொல்கிறார். ஒரு பொற்கொல்லன் செய்த பொய்க்கு ஆயிரம் பேர். இந்த வழக்கை யாரும் இன்னும் மறுவிசாரணைக்கு எடுக்கவில்லை.

தீ இல்லாத மறுவிசாரணையும் உண்டு. 'ஔரங்கசீப்' 1974-இல் எழுதியது. முகலாய வாரிசுப் போர். ஷாஜகான் தாஜ்மகாலுக்கு எதிரே கறுப்புச் சலவைக்கல்லில் இன்னொரு மாளிகை கனவு காண்கிறான். மூத்த மகன் தாரா எல்லா மதமும் கூடிவாழும் நாட்டைக் கனவு காண்கிறான். தம்பி ஔரங்கசீப்புக்கோ நாடு என்றால் ஒரே மதம், ஒரே மொழி, ஒரே முறை. வில்லனாக ஒருவனை நிறுத்திக் கல்லெறிவது ஆசிரியருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் ஔரங்கசீப்புக்கும் வக்கீல் வைக்கிறார். ஆட்சிப் பணத்தில் காதல் மாளிகை கட்டும் தந்தைக்கு எதிராக அவன் பேசும்போது அவையில் சிலர் தலையாட்டுவார்கள். தலையாட்டியதை எண்ணிச் சிறிது நேரத்தில் திடுக்கிடுவார்கள். கே.எஸ். ராஜேந்திரன் இயக்கத்தில் இந்தியில் மேடையேறியபோது தில்லி அதைத் தன் நாடகமாகவே ஏற்றுக்கொண்டது.

'இராமானுஜர்' பற்றி ஒரு சொல். மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர், சாதி பார்க்காமல் சீடரைச் சேர்த்தவர் என்று சீர்திருத்தக்காரராக அவரைக் காட்டும் நாடகம். பெரிய விருது அதற்குத்தான். ஆனால் இங்கே விசாரணை செய்பவர் கட்சிக்காரர்மேல் அன்பு வைத்துவிட்டார். குறுக்கு விசாரணை குறைவு. தாம் பிறந்து வளர்ந்த வைணவத்தை அவரால் நந்தனைத் தொட்ட கையால் தொட முடியவில்லை.

கத்தோலிக்கர் நிறைந்த இந்த ஊரில் 'ஏசுவின் தோழர்கள்' நாவலைச் சொல்லாமல் போனால் குறை. அவர் வார்சாவுக்குப் போன 1981-ஆம் ஆண்டின் டிசம்பரில் அங்கே இராணுவச் சட்டம் வந்தது. ஒரு பக்கம் பொதுவுடைமை அரசு. இன்னொரு பக்கம் சாலிடாரிட்டி தொழிற்சங்கம். அதற்குப் பின்னால் திருச்சபை. அன்றைய போப்பாண்டவரே போலந்துக்காரர். தொழிலாளிகளின் அரசை எதிர்த்துத் தொழிலாளிகள் செபமாலையோடு நிற்கிறார்கள். இந்த முரணுக்கு நடுவே ஓர் இந்தியப் பேராசிரியரை நிறுத்தி எழுதிய நாவல் அது. யார் ஏசுவின் உண்மைத் தோழர் என்பதை ஆசிரியர் முடிவுகட்டவில்லை. அய்யங்கார் வீட்டுப் பிள்ளை போலந்துக் கத்தோலிக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதியதை இந்தக் கரைக்காரர்கள் படித்திருக்க வேண்டாமா? நூலகத்தில் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

திரைப்படத்தையும் தொட்டுவிடுகிறேன். 'உச்சி வெயில்' என்ற அவருடைய கதையை கே.எஸ். சேதுமாதவன் 'மறுபக்கம்' என்று எடுத்தார். இந்தியாவின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. பாட்டுக்கு ஆடும் படங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் நமக்கு இந்தப் பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும்.

இவ்வளவு செய்தவருக்குத் தமிழ் மேடை என்ன செய்தது? நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. கல்லூரிப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. மாணவர்கள் தேர்வுக்காக நந்தன் கதையின் பாத்திரப் படைப்பை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். மேடையில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஸ்ட்ரிண்ட்பெர்க் தம் கடைசிக் காலத்தில் 161 இருக்கை கொண்ட ஒரு சின்ன அரங்கத்தைத் தம் நாடகங்களுக்கென்றே ஸ்டாக்ஹோமில் கண்டார். மூன்றே ஆண்டு நடத்தி மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்த மூன்றாண்டில் அவர் நாடகங்களை நடிகர்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். தமிழில் ஒரு நாடகாசிரியருக்கு அப்படி 161 நாற்காலி இதுவரை போடப்படவில்லை.

மணப்பாட்டு இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்தக் கரையின் வாழ்வை நாவலாக்க ஜோ டி குருஸ் வந்தார். 'கொற்கை'க்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாடகம் இன்னும் வரவில்லை. வழக்கு மட்டும் காத்திருக்கிறது. 1530-களில் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரோடு பேசினார்கள். முத்துக்குளிப்பு யார் கையில் என்பதில் ஒரு பக்கம் வணிகர், இன்னொரு பக்கம் உள்நாட்டு அரசர், நடுவே கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த ஜோவான் த குருஸ் என்ற இடைத்தரகர். அதன்பின் ஊர் ஊராக ஞானஸ்நானம். 1542-இல் சவேரியார் இந்த மணல்மேட்டுக்கு வந்தபோது பேச்சுவார்த்தை முடிந்து ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. இதை இன்றுவரை இரண்டு விதமாகத்தான் சொல்கிறோம்: ஒளி வந்த கதை, அல்லது ஏமாந்த கதை. கொச்சியில் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன கேட்டார்கள், எதைக் கொடுத்தார்கள், மூழ்கி முத்தெடுத்தவனை யார் கேட்டார்கள் என்று ஒரு நாடகம் எழுதுங்கள். எல்லாருக்கும் வக்கீல் வையுங்கள், உங்கள் முன்னோருக்கும் சேர்த்து.

அது எழுதி முடிகிறவரை 'நந்தன் கதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் பதினான்கு நாள் ஊர் கூடுகிறது; வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். அதில் ஓர் இரவை நாடகத்துக்கு ஒதுக்கித் தருமாறு பங்குப் பேரவையாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒத்திகைக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டால் போதும். மற்றதை இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.